சேப்பங்கிழங்கு கை அரிப்பது பூச்சிமருந்தாலா?

'சேப்பங்கிழங்கு உரித்தால் கை அரிக்கிறது, சாப்பிட்டால் தொண்டை கமறுகிறது. மருந்து அடித்த கிழங்கா, நான் கழுவுவது சரியில்லையா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. கழுவத் தெரியவில்லை என்று வீட்டில் யாரோ சொல்லித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொருக்குப்பேட்டையில் குடித்தனம் நடத்திய காலமெல்லாம் என் அம்மா அந்தப் பேச்சைக் கேட்டார். கருணைக்கிழங்கு மசியல் கொஞ்சம் நாக்கைக் கடித்தால் போதும், அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

காரணம் ஊசி. கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, செடியின் செல்லுக்குள்ளேயே ஊசி ஊசியாகப் படிகமாகிக் கட்டுக்கட்டாக இருக்கும். ராஃபைடு என்பார்கள். செடியைக் கடிக்க வருவதற்கெல்லாம் அதுதான் பதிலடி. சேம்பு, கருணை, பிரண்டை, அழகுக்குத் தொட்டியில் வைக்கிற டிஃபன்பேக்கியா எல்லாவற்றிலும் உண்டு.

இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன். வடசென்னையில் ஒரு பள்ளியில் 22 வருடம் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். பிராக்டிகலுக்கு ஆகாயத்தாமரைக் காம்பு வேண்டும். கேப்டன் காட்டன் கால்வாயில் அதற்குப் பஞ்சமா? நானே பறித்து வருவேன். பஞ்சு மாதிரி இருக்கும் காம்பைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் பெரிய பெரிய காற்றறைகள், அவற்றுக்குள் நீட்டிக்கொண்டு ஊசிகள்.

ஒருநாள் வீட்டிலிருந்து சேப்பங்கிழங்கு கொண்டுபோய்ச் சீவி வைத்தேன். நீள்வட்டமான ஒரு செல்லின் நுனி திறந்து, ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே பாய்ந்தன. பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா ஞாபகம்தான் வந்தது. நம் நாக்கிலும் இதுதான் நடக்கிறது. ஊசி குத்திய இடத்தில் எரிச்சலூட்டும் புரதமும் இறங்குகிறது.

'புளி ஊற்றினால் ஊசி கரைந்துவிடும்' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். லேபில் அசிட்டிக் அமிலத்திலேயே அது அசையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான் கரையும், அதுவும் நுரைக்காமல். ஆலிலையின் செல்லுக்குள் இருக்கும் சிஸ்டோலித் என்ற கட்டி வேறு, அது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டதும் நுரைக்கும். அதற்காகப் புளியே வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் போடுகிறேன். ஆனால் குழைய வேகவைப்பதுதான் முக்கியம், சூட்டில் அந்தப் புரதம் கெட்டுவிடும். கிழங்கை வேகவைத்த பிறகு தோல் உரியுங்கள். பச்சையாக உரித்தே ஆகவேண்டும் என்றால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

அம்மாவை ஒருமுறை லேபுக்கு அழைத்து வந்து காட்ட அனுமதி கேட்டேன். வெளியாட்கள் வரக்கூடாது என்றுவிட்டார்கள். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு வரும் வெளியாட்களுக்காக, பீரோவில் பூட்டிக்கிடக்கும் புது மைக்ராஸ்கோப்பையெல்லாம் துடைத்து வரிசையாக வைக்கச் சொல்வார்கள். மறுநாள் திரும்பவும் பூட்டு. மற்ற நாளெல்லாம் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே மைக்ராஸ்கோப். படம் வரைந்து பாகம் குறித்தால் மார்க் வந்துவிடும் என்பார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. காசிமேட்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி லென்ஸில் கண்ணை வைத்ததும், "அக்கா, நெத்திலி கொட்டிவெச்ச மாதிரி இருக்குக்கா" என்று கத்தினாள். எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்காது, அவ்வளவு சரி. அவளுக்கும் ஒரு நிமிடம்தான் கிடைத்தது. பின்னால் வரிசை நின்றது.