மாதம் ஒரு கிராம்

கேள்வி: சென்னையில் வேலை. மாதம் இரண்டு முறை காரைக்குடி வருகிறேன். கல்யாணமாகி 8 வருஷத்தில் மனைவிக்கு என்மேல் ஈடுபாடே போய்விட்டது. நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆத்தாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் மாதங்களில் ஒரு கிராம் தங்கக் காசுகூட வாங்கித் தருகிறேன். முன்பு ஆத்தா முழங்காலுக்கு அவளாகவே தைலம் தேய்ப்பாள், இப்போது சொன்னால்தான். அவளை எப்படி மாற்றுவது?

பதில்: ‘நன்றாகப் பார்த்துக்கொள்ளும் மாதங்களில்’ என்றால் காசு வராத மாதங்களும் உண்டு. அந்த மாதங்களுக்கு எதை வைத்து மார்க் போட்டீர்கள்? ஆத்தா போனில் சொன்னதை வைத்துத்தானே? மாதக் கூலி வாங்குகிறவர் முதலாளியைக் கண்டதும் ஆசையாக ஓடிவர மாட்டார், தம்பி.

மனைவி தானாகவே தேய்த்த தைலத்துக்கு நீங்கள் விலை போட்டீர்கள். 1973-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களில் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. கெடுத்தது ‘செய்தால் தருவேன்’ என்ற பேரம்.

பெற்ற தாய்க்குத் தைலம் தேய்ப்பது முதலில் மகன் கடமை. மருமகள் செய்வது அன்பு. ஊருக்கு வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தைலம், வெந்நீர், மாத்திரை எல்லாம் உங்கள் பொறுப்பு. ‘எங்கே இருக்கு’ என்று மனைவியைக் கூப்பிடாமல் நீங்களே தேடி எடுங்கள். ஆத்தா முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

காசைச் சத்தமில்லாமல் நிறுத்தினால் தண்டனையாகத் தெரியும். ‘உன்னை மார்க் போட்டது என் தப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லி நிறுத்துங்கள். ராத்திரி போனில் ‘ஆத்தா சாப்பிட்டாங்களா’ என்பதை ஆத்தாவிடமே கேளுங்கள். மனைவியிடம் மனைவியைப் பற்றி மட்டும் 20 நிமிஷம் பேசுங்கள். ‘நல்ல மருமகள்’ என்ற பாராட்டும் வேண்டாம், அதுவும் மார்க்தான். ‘கால் வீக்கத்தை நீதான் முதலில் கவனிச்சே’ என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

கல்யாணமானதும் மகனை வேறு வைத்து, தனி அடுப்பும், கோயில் கணக்கில் தனிக் குடும்பம் என்ற தனிப் ‘புள்ளி’யும் கொடுத்த ஊர் செட்டிநாடு. ஒரே வளவு வீட்டில் இருந்தாலும் அந்த அடுப்பில் என்ன வேகும் என்பது மருமகள் முடிவு. உங்கள் வீட்டில் அவர் முடிவுக்கு விட்டது என்ன? யோசித்து எழுதுங்கள்.

முதல் சில வாரம் சந்தேகமாகத்தான் பார்ப்பார். ‘இவ்வளவு செய்தும் முகம் மாறலையே’ என்று கேட்டுவிடாதீர்கள், பேரம் திரும்பிவிடும். இதுவரை கொடுத்த காசுகள் அவருடையவை. எங்கே, எத்தனை என்று கணக்குக் கேட்காதீர்கள்.