இத்தாலியில் டிசைனிலும் மாஃபியாவிலும் பேர்போனவர்கள் யார் யார்?

நான் இருப்பது பலெர்மோவில், சிசிலித் தீவின் தலைநகரில். எங்கள் சனம் நிறையப் பேர் பல வருஷங்களாக இங்கே இருக்கிறோம். நீங்கள் கேட்டிருக்கிற இரண்டு வகை ஆட்களும் இந்த ஊரில் ஒருவரோடொருவர் மோதியிருக்கிறார்கள். அதனால் வெறும் பெயர்களை மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதலில் டிசைன். வெஸ்பா ஸ்கூட்டரை வரைந்தவர் கொர்ராதினோ தஸ்கானியோ. விமானப் பொறியியலாளர், ஹெலிகொப்டர் செய்தவர். மோட்டார் சைக்கிளே அவருக்குப் பிடிக்காது. சங்கிலி எண்ணெய் உடுப்பில் படும், சில்லைக் கழற்றுவது பெரும் பாடு, காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக நீக்கியபோது 1946இல் வந்ததுதான் வெஸ்பா. முன் சில்லை ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்திருக்கும் முறை விமானத்திலிருந்து வந்தது.

இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் மோகா கோப்பிப் பாத்திரம் அல்ஃபொன்சோ பியலெத்தியின் பெயரோடு 1933இல் வந்தது. கீழே தண்ணீர், நடுவில் தூள். ஆவியின் அழுத்தம் தண்ணீரைத் தூளுக்குள்ளால் மேலே தள்ளும். அவருடைய மகன் ரெனாதோ 2016இல் இறந்தபோது அவரது சாம்பலை மோகா வடிவப் பாத்திரத்தில்தான் வைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் கஸ்திலியோனி சகோதரர்கள், அக்கில்லேயும் பியெர் ஜாக்கோமோவும். நான் வேலை செய்யும் வீடு ஒன்றில் அவர்கள் 1962இல் செய்த ஆர்கோ விளக்கு நிற்கிறது. அடியில் கனத்த பளிங்குக் கல், அதிலிருந்து வில் போல வளைந்து வரும் தண்டு, நுனியில் விளக்கு. அந்தக் கல்லில் ஏன் ஒரு ஓட்டை என்று கனநாள் யோசித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, தும்புத்தடிக் காம்பை அதற்குள் நுழைத்து இரண்டு பேர் தூக்கி நகர்த்துவதற்காம். கல்லின் கூர் விளிம்புகளையும் காலில் இடித்தால் நோகாதபடி மழுக்கியிருக்கிறார்கள். வீடு கூட்டுகிறவரையும் நினைத்து ஒரு பொருளை வரைந்திருக்கிறார்களே என்று அன்றைக்கு எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்புறம் சிவப்பு வலன்டைன் தட்டச்சு இயந்திரத்தை 1969இல் ஒலிவெத்தி நிறுவனத்துக்காக பெர்ரி கிங்குடன் சேர்ந்து செய்த எத்தொரே சொத்சாஸ், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபையும் ஃபியட் பாண்டாவையும் வரைந்த ஜோர்ஜெத்தோ ஜியுஜியாரோ. இவர்களை எந்தப் பட்டியலிலும் பார்க்கலாம்.

இந்தப் பெயர்களில் வடக்கு நகரங்களான மிலானோ, தொரினோ வாசனை அதிகம். தெற்கில் ஒருவரும் இல்லையா என்றால், இருந்தார்கள். பலெர்மோவின் கட்டடக் கலைஞர் எர்னெஸ்தோ பசீலே, 1900ஐ ஒட்டிய காலத்தில் இங்கிருந்த துக்ரோ தொழிற்சாலைக்கு மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் வரைந்து கொடுத்தவர். ரோமில் பாராளுமன்றக் கட்டடத்தை விரித்துக் கட்டியவரும் அவரே. பலெர்மோவின் லிபெர்த்தா வீதியோரம் அவர் கட்டிய வில்லா தெலியெல்லா என்ற அழகான மாளிகை இருந்தது. 1959 நவம்பர் 28, ஒரு சனிக்கிழமை, அதை இடிக்கத் தொடங்கினார்கள். அப்போது மேயர் சால்வோ லீமா. நகரசபையில் பொதுவேலைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் வீத்தோ சான்சிமீனோ, மாஃபியாவுக்குப் பேர்போன கொர்லியோனே என்ற ஊர்க்காரர். பின்னாளில் மாஃபியாத் தொடர்புக்காகத் தண்டிக்கப்பட்டவர். அந்தக் காலத்துக் கட்டட அனுமதிகளில் பெரும் பங்கு ஒரு சில பினாமிகளின் பெயருக்குப் போனது. தோட்டங்களும் மாளிகைகளும் அழிந்து சீமெந்து அடுக்குமாடிகள் எழுந்தன. இதைப் பலெர்மோவின் சூறையாடல் என்றுதான் இங்கே சொல்வார்கள். மாளிகை நின்ற காணி பல பத்து வருஷமாக வாகனத் தரிப்பிடமாகக் கிடந்தது.

மாஃபியாப் பெயர்கள் உங்களுக்கே தெரிந்திருக்கும். சால்வத்தோரே ரீனா, 1993இல் பிடிபட்டவர். மாஃபியாவை விசாரித்த நீதிபதிகள் ஃபல்கோனேயும் பொர்செல்லீனோவும் 1992இல் குண்டு வைத்துக் கொல்லப்பட்டது அவர் தலைமையில். 43 வருஷம் ஒளிந்திருந்து 2006இல் அகப்பட்டவர் பெர்னார்தோ புரொவென்ஸானோ. மத்தேயோ மெஸ்ஸீனா தெனாரோ 2023 ஜனவரியில் இதே ஊரில் ஒரு மருத்துவமனையில் பிடிபட்டு, அந்த வருஷமே செத்துப்போனார். இவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

நான் எழுத விரும்புவது லீபெரோ கிராஸ்ஸியைப் பற்றி. பலெர்மோவில் பைஜாமாவும் உள்ளாடையும் தைக்கும் தொழிற்சாலை வைத்திருந்தவர். இங்கே பிட்ஸோ என்று ஒன்று உண்டு. எங்கள் ஊரில் கப்பம். கடைக்காரர், தொழிற்சாலைக்காரர் எல்லோரிடமும் மாதாமாதம் வாங்குவார்கள். கிராஸ்ஸி கொடுக்கவில்லை. 1991 ஜனவரி 10ஆம் தேதி சிசிலியின் நாளிதழில் "அன்பான கப்பக்காரருக்கு" என்று தொடங்கும் பகிரங்கக் கடிதம் எழுதி, தரமாட்டேன் என்று சொன்னார். தொலைக்காட்சியிலும் சொன்னார். மற்ற முதலாளிகள் பக்கத்தில் நிற்கவில்லை, அவர்களுடைய சங்கமும் ஆதரிக்கவில்லை. ஆகஸ்ட் 29 காலை, வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்பட்டவரை அல்ஃபியேரி வீதியில் சுட்டுக் கொன்றார்கள். கப்பத்தை எதிர்ப்பவர்களுக்கு அரசு உதவும் சட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. 2004இல் இளைஞர்கள் சிலர் அட்டியோபிட்ஸோ இயக்கத்தைத் தொடங்கினார்கள். கப்பம் கொடுக்காத கடைகளின் கதவில் அதன் ஸ்டிக்கரைப் பார்த்தால் நான் அங்கேயே சாமான் வாங்குவேன்.

அவர் விழுந்த இடத்தில் பளிங்குப் பலகை வைக்கக் குடும்பம் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 29 அன்றும் கையால் எழுதிய ஒரு தாளைச் சுவரில் ஒட்டுகிறார்கள். அவரைக் கொன்றவர்கள் வரிசையில் மாஃபியாவோடு, வாய் திறக்காத தொழிலதிபர் சங்கம், கவலைப்படாத கட்சிகள், அங்கே இல்லாமல் போன அரசு எல்லாம் அதில் எழுதியிருக்கும். தாளின் கீழே நிலத்தில் சிவப்புப் பெயின்ட் அடிப்பார்கள். வருஷம் முழுக்க வெயிலிலும் மழையிலும் அது மங்கிவிடும். அடுத்த ஆகஸ்டில் திரும்ப அடிப்பார்கள்.