வாசகர் கேள்வி பதில்: அடி தட்டாத எஸ்யூவி எது?

கேள்வி: குடும்பத்தில் ஐந்து பேர். போகும் வழியில் கடைசிக் கொஞ்ச தூரம் மேடும் பள்ளமுமான மண்பாதை. பார்த்து வைத்திருக்கும் இரண்டு எஸ்யூவிகளில் ஒன்றுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் (அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி) 200 மி.மீ., வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,600 மி.மீ. மற்றதற்கு 220, 2,850. கிளியரன்ஸ் கூடுதலாக உள்ளதையே எடுத்துவிடலாமா?

பதில்: பாதை நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கல்லுக்கு அந்த 20 மி.மீ. உதவும். மேட்டின் முகட்டில் ஏறி இறங்கும்போது உதவாது. அங்கே வண்டியின் வயிறு தட்டுமா என்பதை வீல்பேஸும் சேர்ந்துதான் முடிவு செய்யும். கிளியரன்ஸைப் பாதி வீல்பேஸால் வகுத்துப் பாருங்கள். முதல் வண்டிக்கு 200/1,300, இரண்டாவதுக்கு 220/1,425. இரண்டுமே 0.154தான். வயிறு தட்டாமல் கடக்கக்கூடிய முகட்டின் கோணமாகச் சொன்னால் (இரு பக்கச் சரிவும் சேர்த்து) இரண்டுக்கும் சுமார் 17.5 டிகிரி.

அடுத்தது, அந்த 220 காலி வண்டியில் அளந்ததா, ஆளும் சுமையும் ஏற்றி அளந்ததா? விளம்பரத்தில் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும். ஷோரூமுக்கு டேப்பும் டார்ச்சும் கொண்டுபோங்கள். சமதளத்தில் நிறுத்தி, குனிந்து, ஆகத் தாழ்வான பாகத்தைக் கண்டுபிடியுங்கள். சைலன்சர் குழாய், பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், முன் பம்பருக்குக் கீழே தொங்கும் பிளாஸ்டிக் என்று ஒவ்வொரு வண்டியிலும் அது வேறுபடும். காலியாக ஒருமுறை, ஐந்து பேரையும் ஏற்றி ஒருமுறை அளங்கள். 20 முதல் 40 மி.மீ. இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பின்னால் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் முழு ஆக்ஸில் உள்ள வண்டியில், அதன் நடுவே சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் உருண்டை சக்கரங்களோடு சேர்ந்தே நிற்பதால், எவ்வளவு சுமை ஏற்றினாலும் அது கீழே இறங்காது. பாடி மட்டும்தான் இறங்கும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷனில் சுமையோடு சேர்ந்து எல்லாமே தாழும். சொகுசு என்னவோ இதில்தான் அதிகம்.

உங்கள் பாதைக்கு என் ஓட்டு, ஏற்றிய பிறகும் 180 மி.மீ.க்குக் குறையாமல் நிற்கும் வண்டிக்கு. இரண்டுமே நின்றால், முன் பம்பர் குட்டையாக, மேல்நோக்கி வெட்டியிருப்பதை எடுங்கள். பள்ளத்திலிருந்து ஏறும்போது முதலில் உரசுவது அதுதான்.

கேள்வி: டூ வீல் டிரைவ் வண்டியில் 'மட்', 'சேண்ட்' பட்டன்கள் இருக்கின்றன. அவை போதாதா?

பதில்: அந்தப் பட்டன்கள் ஆக்ஸிலரேட்டரின் வேகத்தையும், சுழலும் சக்கரத்துக்கு பிரேக் போடும் விதத்தையும்தான் மாற்றும். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் பின் சக்கரங்களுக்கு விசை வராது. ஆட்களும் சாமான்களும் ஏறி, ஏற்றத்திலும் நின்றால் எடை பின்னால் சாய்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும். அந்த வண்டி அந்த நேரத்தில்தான் கைவிடும். ஈரமண், புல், மணல் என்றால் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஆல் வீல் டிரைவ் வேண்டும்.

லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கூடுதல் கியர்) உள்ள ஃபோர் வீல் டிரைவ், பாறைப் பாதையில் நடை வேகத்தில் ஊர்பவர்களுக்கானது. அது இல்லாமல், இரண்டு கிளட்ச்சுகளால் தானாகவே கியர் மாற்றும் டூயல் கிளட்ச் கியர்பாக்ஸை அப்படி ஓட்டினால் கிளட்ச் சூடேறி எச்சரிக்கை விளக்கு எரியும். கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் இன்னும் தாங்கும். முன், பின் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட் டைம் 4x4ஐக் (தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல் டிரைவ்) காய்ந்த தார்ச்சாலையில் போடாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். அதற்கு வழி இல்லாததால், சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் (உயரம் கூட்ட வைக்கும் தடித்த வளையம்) வைத்து வண்டியை உயர்த்தலாமா?

பதில்: வேண்டாம். சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, அதன் முனையில் உள்ள வளையும் இணைப்பான சிவி ஜாயின்ட் சீக்கிரம் தேயும். ஈர்ப்பு மையம் உயரும். வாரன்ட்டியிலும் சிக்கல் வரலாம். டயர் மாற்றுவது கொஞ்சம் மேல். 215/60 ஆர்17க்குப் பதில் 215/65 ஆர்17 (இரண்டாவது எண், டயரின் அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது) போட்டால் விட்டம் சுமார் 21 மி.மீ. கூடும், கிளியரன்ஸ் அதில் பாதிதான் ஏறும். ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இனி 100 காட்டும்போது உண்மையில் 103 ஓடும். முழுச் சுமையோடு ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே நான்கையும் மாற்றுங்கள்.