உபுண்டுவில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு விண்டோஸ் 10 ஏற்றினேன். எல்லாம் ஓடுகிறது, கேம் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

கேம் என்ன சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறது என்று முதலில் பாருங்கள். டைரக்ட்3டி, டைரக்ட்எக்ஸ் என்று ஏதாவது புலம்பினால் அது கிராஃபிக்ஸ் பிரச்சினை, பெரும்பாலும் வழி இருக்கும். விர்ச்சுவல் மெஷினில் (சுருக்கமாக வி.எம்) ஓடாது என்று நேராகவே சொன்னால் அது ஆன்டி-சீட்டின், அதாவது கேமில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருளின் வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் மூன்று ராத்திரி உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கிராஃபிக்ஸ் என்றால், விண்டோஸுக்குள் போய் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்துப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் விண்டோஸுக்கு 3டி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் கணினியில் எவ்வளவு நல்ல கார்டு இருந்தாலும் சரி, வி.எம்-முக்குள் அது தெரியாது. உள்ளே இருப்பது விர்ச்சுவல்பாக்ஸ் காட்டும் போலிக் கார்டு. வி.எம்-மை முழுசாக ஷட்டவுன் செய்யுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் அந்த வி.எம்-மின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கன்ட்ரோலர் விபாக்ஸ்-எஸ்விஜிஏ, 3டி ஆக்சலரேஷனில் டிக், வீடியோ மெமரி 256 எம்.பி. அப்புறம் திரும்ப ஆன் செய்து, விர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் மெனுவில் இருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் (விண்டோஸுக்குள் போட வேண்டிய விர்ச்சுவல்பாக்ஸ் டிரைவர்கள்) சிடியை ஏற்றி இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட். பலருக்கு இந்தக் கடைசி வேலைதான் விட்டுப்போயிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 7 என்றால் டைரக்ட்எக்ஸ் 11 வரை தாங்கும். 12 கேட்கும் புது கேம்களுக்கு இதில் வழியில்லை.

கேம் திறந்த பிறகும் ஒரு தொல்லை வரலாம். அக்கா பையன் லீவுக்கு வந்தபோது பழைய துப்பாக்கி கேம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மவுஸை ஒரு நூல் நகர்த்தினால் போதும், பார்வை வானத்துக்குப் போய்ப் பம்பரமாகச் சுற்றியது. பையனுக்கு முகமே விழுந்துவிட்டது. விர்ச்சுவல்பாக்ஸின் இன்புட் மெனுவில் மவுஸ் இன்டகிரேஷனை எடுத்துவிட்டதும் உடனே சரியானது. வலது கன்ட்ரோல் விசையை அழுத்தினால் மவுஸ் வெளியே வந்துவிடும்.

ஆன்டி-சீட் என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். வேலரன்ட் மாதிரி கேம்கள் வி.எம்-மில் ஓடுவதில்லை. வி.எம் என்பதை மறைக்கும் வித்தைகள் நெட்டில் நிறையக் கிடைக்கும். மாட்டினால் காசு போட்டுச் சேர்த்த அக்கவுன்ட்டே போய்விடலாம். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், லினக்ஸிலேயே இருக்கும் வி.எம் வசதியான கேவிஎம்-மில் அதை அப்படியே வி.எம்-முக்குக் கொடுத்துவிடலாம், வேகம் கிட்டத்தட்ட நிஜக் கணினி மாதிரியே இருக்கும். அதற்கு பயாஸில் விடி-டி அல்லது ஐஓஎம்எம்யூ என்ற வசதி ஆன் ஆகியிருக்க வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பது உபுண்டு. வி.எம்-மே இல்லாமல் முதலில் ஸ்டீமில், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைப் போட்டுப் பாருங்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018-ல் கொண்டுவந்தது. ஸ்டீம் செட்டிங்ஸில் கம்பேட்டிபிலிட்டி என்ற பகுதியில் இருக்கும். உங்கள் கார்டு நேரடியாகவே வேலை செய்யும். அக்கா பையனின் அந்தத் துப்பாக்கி கேம் எங்கள் வீட்டில் இப்போது அதில்தான் ஓடுகிறது. வி.எம்-மை ஆபீஸ் வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.