தொட்டி நாறினால் சருகைக் கூட்டுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 40 வீடுகள். சமையல் கழிவை உரமாக்கத் தொட்டி கட்டினோம். ஒரே மாதத்தில் நாற்றம், அடியில் கறுப்புத் தண்ணீர், புழு. தொட்டியை இடித்துவிடலாம் என்கிறார்கள். வழி உண்டா?
– வாசகர், காட்பாடி

பதில்: இடிக்க வேண்டாம். சோறும் காய்கறித் தோலும் பெரும்பாலும் தண்ணீர்தான். அவற்றை மட்டும் கொட்டினால் படிந்து இறுகிவிடும். உள்ளே காற்று போகாமல் அழுகும், நாற்றம் அதனால்தான். தண்ணீர்த் தொட்டி மாதிரி நாலு பக்கமும் பூசி கட்டியிருந்தால் முதலில் சுவரில் துளை போடுங்கள். செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டுவதே சரி.

இருப்பதை வெளியே அள்ளி, அதே அளவு சருகு கலந்து, அடியில் அரையடிக்குத் தேங்காய் மட்டையும் குச்சியும் பரப்பித் திரும்ப நிரப்புங்கள். 40 வீட்டில் தினம் 20 முதல் 25 கிலோ வரை சேரும். இனி ஒரு பக்கெட் கழிவுக்கு ஒரு பக்கெட் சருகு. மேலே சோறு கண்ணில் படாதபடி சருகால் மூடிவிட்டால் ஈ மொய்க்காது, புழுவும் குறையும். அந்தப் புழுவால் உரத்துக்குக் கெடுதல் இல்லை. வாரம் ஒருமுறை கிளறுங்கள்.

ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை. உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் வேலூர்ப் பக்கம் தொட்டி காய்ந்து மக்குவது நின்றுவிடும். உரம் தயார் என்று பலர் ஏமாறுவது அப்போதுதான். நிரப்பிய நாலாம் நாள் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் சுட வேண்டும். 55 டிகிரிச் சூடு மூன்று நாள் நின்றால்தான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். 3 அடிக்கு 3 அடி, உயரமும் 3 அடி இல்லாத குவியலில் அந்தச் சூடு தங்காது. மூன்று தொட்டி இருந்தால் ஒன்று நிரம்பும்போது மற்ற இரண்டும் மக்கும்.

சருகுக்கு அலைய வேண்டாம். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்ப்பதைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டி, மழைக்காலத்துக்கு வையுங்கள். மல்லாட்டை (வேர்க்கடலை) தோலும், காயவைத்த கரும்புச் சக்கையும் ஆகும்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் மீந்த சோற்றை மாட்டுக்குக் கொட்டலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: கூடாது. பழக்கமில்லாத மாடு ஒரே நேரத்தில் நிறைய சோறு தின்றால் வயிற்றில் அமிலம் கூடி, உயிரே போகலாம். கெடாத சோற்றை உடனே மனிதர்களுக்குக் கொடுங்கள். கெட்டதையும், கிழித்துப் போட்ட வாழை இலையையும் உரத் தொட்டியில் சேர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகித இலை மக்காது.

கேள்வி: உரத் தொட்டியில் சருகுக்குப் பதில் தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) தோல் சீவல் போடலாமா? சும்மாவே கிடைக்கிறது.
– வாசகர், மேல்விஷாரம்

பதில்: ஒரு கைப்பிடிகூட வேண்டாம். நீலம் பாய்ந்த அந்தச் சீவலில் குரோமியம் இருக்கிறது. தோல் அழுகாமல் இருக்கத்தானே அதை ஏற்றுகிறார்கள். தொட்டியிலும் எளிதில் மக்காது. குரோமியம் உரத்தோடு போய் மண்ணில் தங்கிவிடும்.