மீனை யார் கழுவுகிறார்கள்?

கேள்வி: எனக்கு 43 வயது. புதுவண்ணாரப்பேட்டையில் வீடு. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். லாரி வரிசை, டிரைவர்களோடு வாக்குவாதம், ராத்திரியெல்லாம் போன். போன வருடம் பிரஷர் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். டென்ஷனைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். யூடியூபில் பார்த்து, கவனத்தைக் குவித்துச் சமைக்கும் பழக்கத்தை ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேட்டில் மீன் வாங்கி வருவேன். அம்மா (70 வயது) மாடிப்படிக்குக் கீழே குழாயடியில் உட்கார்ந்து கழுவி வைத்துவிடுவார். முட்டிவலி இருந்தாலும் மீன் என்றால் அவர்தான். அப்புறம் போனை அணைத்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். இரண்டு மணி நேரம் நான் மட்டும்தான். கடுகு வெடிக்கும் சத்தம், புளி கொதிக்கும் வாசனை என்று ஒவ்வொன்றாகக் கவனிப்பேன். பாத்திரத்தை மனைவி பார்த்துக்கொள்வாள், அந்தத் தொந்தரவும் இல்லை. முதல் மாதம் நன்றாக இருந்தது. இப்போது கதவைத் திறந்து வெளியே வந்த பத்து நிமிடத்தில் பழைய எரிச்சல் வந்துவிடுகிறது. ஞாயிறு என்றாலே மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒன்பதாவது படிக்கும் மகன் என் பக்கமே வருவதில்லை. இதை முறையாகக் கற்றுக்கொள்ள வகுப்பு இருக்கிறதா? நான் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தம்பி, வகுப்பெல்லாம் வேண்டாம். நீங்கள் எழுதியது நான்கு பக்கக் கடிதம். இடம் கருதி இங்கே சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். எண்ணெய் சூடாகும்போது நிறம் எப்படி மாறுகிறது என்பதுவரை எழுதத் தெரிந்திருக்கிறது. பெற்ற அம்மாவுக்கு இரண்டே வரிதான், அதுவும் போகிற போக்கில். நான் அந்த இரண்டு வரியைத் தாண்டிப் போகப் போவதில்லை.

வேலை அழுத்தம், தூக்கமின்மை, பிரஷர் என்று வரும் கடிதங்களை வருடக்கணக்காகப் படிக்கிறேன். தியானம், யோகா, தோட்டம், சமையல் என்று ஒவ்வொருவரும் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டு மனசை அதிலேயே நிறுத்தினால் மூச்சு நிதானமாகும், நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அது உண்மைதான். ஆனால் உங்களுக்கு ஏன் ஒரு மாதத்துக்கு மேல் பலிக்கவில்லை என்பதற்கு விடை அந்தக் குழாயடியில் இருக்கிறது.

ஒரு கிலோ நெத்திலியை ஆய எவ்வளவு நேரம் ஆகும் என்று என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரல் நகத்தால் தலையைக் கிள்ளி, குடலும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். சங்கரா என்றால் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டினால்தான் செதில் வரும். அது தெறித்துக் கன்னத்திலும் முன்முடியிலும் ஒட்டிக்கொள்ளும். செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறி, உள்ளே இருக்கிற பித்தப்பை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் குழம்பு கசந்துவிடும். அப்புறம் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு, மண்சட்டியின் சொரசொரப்பில் வைத்து வழவழப்புப் போகத் தேய்த்து, தண்ணீர் தெளிகிறவரைக்கும் மாற்றி மாற்றி அலச வேண்டும். இவ்வளவும் குந்தி உட்கார்ந்தபடி, தேய்ந்துபோன முட்டியோடு, அரிவாள்மனையை ஒரு காலால் அழுத்திக்கொண்டு.

நீங்கள் யூடியூபில் தேடிய கவனம் இதில்தான் முழுசாக இருக்கிறது. மனசு ஒரு நொடி யார்டுக்குப் போய் வந்தால் விரலில் ரத்தம் வந்துவிடும். காசிமேட்டுப் பக்கம் மீன் வெட்டிக் கொடுக்கும் அக்காக்களைக் கவனியுங்கள். நாலு பேர் சுற்றி நின்று கத்தினாலும் கண் மீனைவிட்டு நகராது. சமையலில் மனசு நிலைக்க வேண்டிய பகுதியை எழுபது வயது அம்மாவிடம் தள்ளிவிட்டீர்கள். கறையும் பிசுக்கும் உள்ள பகுதியை மனைவியிடம் தள்ளிவிட்டீர்கள். வாசனையும் சத்தமும் ருசியும் உள்ள நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கதவையும் சாத்திவிட்டீர்கள். இதற்குப் பெயர் சமையல் இல்லை. இரண்டு பெண்கள் வேலை செய்ய, நடுவில் நீங்கள் ஓய்வெடுத்திருக்கிறீர்கள்.

கவனத்தைக் குவிக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் கொஞ்சம் பாருங்கள். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஸின் என்பவர், வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார். ஒரே ஒரு உலர்திராட்சையை நிதானமாகப் பார்த்து, முகர்ந்து, மென்று சாப்பிடுவது அதில் ஒரு பாடம். அவருக்கு அடிப்படையாக இருந்தவற்றில் ஜென் என்னும் பௌத்த தியான மரபும் ஒன்று. அந்த மரபின் பெரிய ஆசான்களில் ஒருவரான டோகன், 13-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிலிருந்து சீனாவுக்குப் படிக்கப் போனபோது கண்ட ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். மடத்துச் சமையல்காரர், 68 வயது துறவி, முதுகு வில்லாக வளைந்தவர், கையில் மூங்கில் தடி. கொளுத்தும் வெயிலில் தலையில் தொப்பிகூட இல்லாமல் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். வேறு யாரையாவது செய்யச் சொல்லலாமே என்று டோகன் கேட்க, மற்றவர்கள் நான் ஆக மாட்டார்களே என்றாராம் அந்தப் பெரியவர். மடத்துச் சமையல்காரர் அரிசியைத் தன் கையாலேயே கல் பார்த்துக் களைய வேண்டும், சமைத்து முடிந்ததும் சட்டி பானைகளைக் கழுவி அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் டோகன் சொன்னதுதான். நீங்கள் பின்பற்றுவதாக நினைக்கும் வழியிலேயே மீன் கழுவுவதையும் பாத்திரம் தேய்ப்பதையும் அடுத்தவருக்கு விடும் பேச்சில்லை, தம்பி.

வாரம் ஆறு நாள் மாடாய் உழைக்கிறேன், இரண்டு மணி நேரம் எனக்கென்று கிடையாதா என்று கேட்பீர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள், யாரும் வழிமறிக்கப் போவதில்லை. உங்கள் ஓய்வுக்காக அம்மா குழாயடியில் குந்தியிருக்க வேண்டும், மனைவி சிங்க் முன்னால் நிற்க வேண்டும் என்றால் மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள் என்று தெரிந்தது. செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். அதுவும் 100 ஆண்களில் 26 பேர்தான் கையையே வைக்கிறார்கள். உங்கள் மனைவிக்கு அந்த ஐந்து மணி நேரத்தில் ஞாயிறு விடுமுறை கிடையாது. நீங்கள் அனுபவித்துச் சமைத்ததால் வழக்கத்தைவிட நாலு சட்டி, இரண்டு வாணலி, மிக்ஸி ஜார் கூடுதல். மீன் சட்டியின் கவிச்சி ஒரு தேய்ப்பில் போகிற விஷயமும் இல்லை. அவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவரிடமே கேட்டிருக்கலாம். சாத்திய கதவுக்குள் கேட்க ஆள் ஏது?

வெளியே வந்த பத்து நிமிடத்தில் எரிச்சல் திரும்பி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அது எங்கேயும் போகவில்லை, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தது. அழுக்குப் பாத்திரமும் பேசாத மனைவியும் விலகிப் போகிற பிள்ளையும் அங்கேதான் இருந்தார்கள். வீட்டாரைத் தள்ளி வைத்து வாங்குகிற அமைதி வாசற்படியைத் தாண்டாது. குடும்பஸ்தனுக்கு நிம்மதி குடும்பத்துக்கு நடுவில் கிடைக்க வேண்டும். இது பழைய கருத்து என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். உங்களைச் சுமந்து வளர்த்தவரின் முட்டியைவிட உங்கள் மன ஓர்மை பெரிது என்று நான் எழுத மாட்டேன்.

வரும் ஞாயிறு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குழாயடியில் அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள், மீன் பேசினை அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் நீங்கள் தரையில் உட்காருங்கள். அவர் முதலில் விட மாட்டார். "ஆம்பளப் புள்ள கையில கவிச்சி எதுக்குடா, எழுந்து போ" என்பார். எழுந்து போகாதீர்கள். அதே சமயம் அவர் கையிலிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது. மீன் என்றால் அவர்தான் என்று எழுதினீர்களே, அந்த வீட்டில் அவருக்கு மிச்சமிருக்கும் அதிகாரம் அது ஒன்றாகக்கூட இருக்கலாம். அவர் சொல்லட்டும், நீங்கள் செய்யுங்கள். செவுள் எந்தச் சிவப்பில் இருந்தால் நல்ல மீன், எந்த மாதம் எது ருசி, ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் வீட்டில் என்ன குழம்பு வைத்தார்கள் என்று கேளுங்கள். யூடியூபில் யாரோ சொல்லக் கேட்கிற பொறுமை உங்களுக்கு இருக்கிறது. அதே பொறுமையோடு அம்மா பேசுவதையும் கேளுங்கள்.

சமைக்கும்போது கதவு திறந்தே இருக்கட்டும். மனைவி உள்ளே வந்து உப்புப் பார்த்தால் பார்க்கட்டும். பையனைக் கூப்பிட்டு வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் பழகாவிட்டால் நாளைக்கு அவனும் இன்னொரு வீட்டுப் பெண்ணைச் சிங்க் முன்னால் நிறுத்துவான். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், அம்மாவுக்கு முதலில் பரிமாறுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லாப் பாத்திரத்தையும் நீங்களே தேயுங்கள், மீன் சட்டி உட்பட. கடுகுச் சத்தத்தைக் கவனித்த அதே காதால் குழாய்த் தண்ணீரையும் கவனிக்கலாம்.

ராத்திரி போன் விஷயத்துக்குச் சமையலில் மருந்து கிடையாது. மற்ற சூப்பர்வைசர்களோடு பேசி, ராத்திரி அழைப்பை முறை வைத்துப் பிரித்துக்கொள்ள மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடிதத்தின் கடைசியில் கருவாட்டுக் குழம்பு பற்றி ஆசையாக எழுதியிருந்தீர்கள். பிரஷர் உள்ளவருக்கு அது ஆகாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றையும் ஒதுக்கிவிட்டு மீன் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் தடவைக்குக் கானாங்கெளுத்தி வாங்கி வாருங்கள். செதில் சுரண்டுகிற வேலை அவ்வளவாக இருக்காது, முள்ளும் கையைக் குத்தாது. சங்கராவின் முதுகு முள்ளுக்குக் கை பழக வேண்டும். எப்போது வாங்கலாம் என்று அம்மாவே சொல்வார்.