சீனத்து 'நீ'யும் நம்ம 'நீ'யும்

கேள்வி: சீன மொழியிலும் 'நீ' என்றால் நீதான். கொரிய மொழியில் 'அப்பா' என்றால் அப்பாதான். உலக மொழிகளுக்கெல்லாம் தாய் தமிழ் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: இதைவிட நிறையவே வேண்டும்.

'நீ'யையே எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் – பிரான்ஸ் எல்லையில் பேசப்படும் பாஸ்க் மொழியில் 'நி' என்றால் நான். வேல்ஸ்காரர்களுக்கு அது நாம். ஜப்பானில் இரண்டு, டென்மார்க்கில் ஒன்பது. சுவாஹிலியில் 'மிமி நி ம்வாலிமு' என்றால் 'நான் ஆசிரியர்'. நடுவில் நிற்கும் 'நி' இரண்டையும் சேர்க்கும் வினை, அவ்வளவுதான். குறில் நெடில் வித்தியாசம் இருக்கிறதே என்பீர்கள். சரி, சீனத்தில் தொனி மாறினால் பொருளே மாறிவிடும், அதைக் கணக்கில் எடுத்தீர்களா? இறங்கி ஏறும் தொனியில் சொன்னால்தான் அது நீங்கள் சொல்லும் 'நீ'. ஏறு தொனியில் சொன்னால் சேறு!

பொருந்தாத ஐந்தை விட்டுவிட்டுப் பொருந்திய ஒன்றைப் பிடித்துக்கொள்கிறீர்கள். பொருந்துவதுகூட நம்பத்தக்கதல்ல. ஸ்வீடிஷ் மொழியில் 'நி' என்றால் நீங்கள். உடனே ஸ்டாக்ஹோமிலும் தமிழ்க்கொடி ஏற்றிவிடாதீர்கள். அங்கே பழைய சொல் வெறும் 'ஈ'தான். அதற்கு முன்னால் வந்த வினைச்சொல்லின் கடைசி 'ன்' நாளடைவில் அதோடு ஒட்டிக்கொண்டு 'நி' ஆனது. சீனத்து 'நீ'க்கும் சொந்தக்காரர்கள் வேறு. மணிப்புரியின் 'நங்' அந்த வழி உறவு. நம்ம 'நீ'க்கு உறவு கன்னட 'நீனு', தெலுங்கு 'நீவு', அப்புறம் பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழியின் 'நீ'.

உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள். வாய் ஒன்றுதான், அதில் எழும் ஒலிகளும் கொஞ்சம்தான். ஓரெழுத்துச் சொற்கள் மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் அதிசயம்.

'அப்பா' விஷயம் இன்னும் எளிது. குழந்தைக்கு முதலில் வருவது உதட்டொலி. ப, ம என்று அது உளறுவதை அருகில் இருக்கும் பெற்றோர் தங்கள் பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கு எது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஜார்ஜிய மொழியில் அப்பாவை 'மாமா' என்றுதான் சொல்கிறார்கள். அந்த வீட்டில் நம்ம ஊர் உறவுமுறை பேசினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மொழி உறவைக் காட்டுவது ஒரே மாதிரி ஒலிக்கும் சொல் அல்ல, ஒரே மாதிரி மாறும் சொற்கள். பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து, புலி – ஹுலி, பாம்பு – ஹாவு. தமிழில் 'ப' இருக்கும் இடத்தில் கன்னடத்தில் வரிசையாக 'ஹ'. பழங்கன்னடத்தில் இவையும் 'ப'வில்தான் தொடங்கின. தமிழுக்கும் சீனத்துக்கும் இடையே இப்படி ஒரு பத்து ஜோடி கொண்டுவாருங்கள், அட்டைப்படக் கட்டுரையாகவே போடுகிறேன்.